இழப்புக்கு இரண்டு சதவீதம்

அக்காவின் கைக்குட்டையில் முதல் சொட்டு ரத்தத்தைப் பார்த்த அன்று எங்கள் வளையம் பாதி மூடியிருந்தது. நான் வளையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக நான் நல்லவள் மாதிரி எழுத ஆரம்பித்தால் யாரும் ஏமாற வேண்டாம்.

எங்களுக்கு இரண்டு அறைகள். உள் அறையில் உலை, அது அக்காவின் ராஜ்யம். வெளி அறையில் தராசும் அளவுக் கருவிகளும், அவை என்னுடையவை. நடுவில் ஒரு கதவு, ஒரு மெல்லிய சுவர். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பதினாறு வருடம் ஒரு பெரிய பேக்கரியில் அடுப்பைக் கட்டி மேய்த்தவள். பேக்கரி மூடப்பட்டு அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது நான்தான் காற்புள்ளியிடம் பேசி இங்கே சேர்த்துவிட்டேன். காற்புள்ளி எங்கள் ஆய்வகத் தலைவர். எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். பாதியில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அந்தப் பெயரை வைத்தது அக்கா, சேர்ந்த இரண்டாம் நாளே.

"ரொட்டி வெந்தா தெருமுனை வரைக்கும் மணக்கும். இது என்னடி, மூக்கைப் போட்டு அரிக்குது?" என்று முதல் வாரத்திலேயே கேட்டாள்.

"ஆயிரத்தைந்நூறு டிகிரிக்கா. ரொட்டி இல்ல. பழகிடும்."

நாங்கள் சுடுவது பச்சை வில்லைகள், சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும். அருமண் ஆக்சைடு ஒரு பங்கு, குரோமியம் ஆக்சைடு ஒரு பங்கு. பேர்தான் அருமண், உண்மையில் அது ஒரு உலோக வகை, அவ்வளவு அரிதும் இல்லை, மண்ணும் இல்லை. இரண்டையும் கைவலிக்க அரைத்து, அழுத்தி வில்லையாக்கி, மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில் அதே பொடிக்குள் புதைத்து அக்காவிடம் கொடுப்பேன். அவள் காலையில் உலையில் வைத்தால் மறுநாள் காலையில் வெளியே எடுப்பாள்.

இந்த வில்லைகளுக்குள் காந்தமும் மின்சாரமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்பதுதான் காற்புள்ளியின் நம்பிக்கை. நன்றாகக் குளிர வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே இருக்கும் மின்முனைகள் ஒரு பக்கம் திரும்ப வேண்டும். அழுத்தத்தை எடுத்த பிறகும் திரும்பியபடியே நிற்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் மறுபக்கம் திரும்ப வேண்டும். இப்படிப் போய் வந்தால் திரையில் அழகான மூடிய வளையம் வரும். எங்களுக்கு வந்தது ஊதிப்போன தலையணை. தொடங்கிய இடத்துக்குக் கோடு திரும்பி வரவே இல்லை, ஏனென்றால் வில்லைக்குள் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது.

கசிவுக்குக் காரணம் குரோமியம். அந்தச் சூட்டில் அது காற்றோடு சேர்ந்து வில்லையை விட்டு எழுந்து போய்விடும். அது உட்கார்ந்திருந்த இடம் காலியாக, அந்தக் காலி இடங்கள் வழியாக மின்சாரம் நழுவும். காந்த அளவீடும் இதையே சொன்னது. அந்த வில்லைக்குள் குரோமியத்தின் காந்தம் ஒரு பக்கம் பார்க்கும், அருமண்ணின் காந்தம் அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கும். குளிரக் குளிர ஒரு கட்டத்தில் இரண்டும் சரிக்குச் சரி நின்று மொத்தக் காந்தம் பூஜ்யமாகிவிடும். அதற்கும் கீழே போனால் வில்லை, நாம் காட்டும் காந்தத்துக்கே முதுகைக் காட்டும். இதை அக்காவிடம் விளக்கியபோது, "நம்ம ரெண்டு பேர் மாதிரின்னு சொல்லு" என்றாள். குரோமியம் குறைந்தால் அந்தப் பூஜ்யம் இடம் மாறும். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் மாறியது.

ஆகவே என் குறிப்பேட்டில் ஒரு பத்தி உண்டு. சுடுவதற்கு முன் எடை, சுட்ட பின் எடை, மூன்றாவதாக 'இழப்பு'. இது எல்லோரும் செய்வதுதான். நான் படித்த அறுபது கட்டுரைகளிலும் ஏறக்குறைய இதே வாக்கியம் இருந்தது: 'குரோமியம் ஆவியாவதை ஈடுகட்ட இரண்டு சதவீதம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது.' அத்தோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். போனது எங்கே போகிறது என்று அறுபதில் ஒருவர்கூட எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு சதவீதம் சேர்த்தேன்.

வளையம் கொஞ்சம் ஒல்லியானது. ஆனால் இழப்பைத் துல்லியமாக அளந்தால்தான் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று தெரியும். அங்கேதான் எனக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் சண்டை வந்தது.

உலைக்கு நேர் மேலே, இடைச்சுவரை ஒட்டி அந்தப் பெரிய ஃபேன் இருந்தது. அது ஓடினால் சுவர் அதிரும். சுவர் அதிர்ந்தால் என் தராசில் கடைசி இரண்டு இலக்கங்களும் ஆட்டம் போடும். "அக்கா, எடை போடறேன், ஃபேனை அணை" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கத்தினேன். அவள் அணைப்பாள், பிறகு போடுவாள், நான் மறுபடி கத்துவேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒருநாள் பொறுமை போய், ஒரு தாளில் 'ஃபேன் போடாதே. எடை.' என்று கொட்டை எழுத்தில் எழுதி, சுவிட்சின் மேலேயே ஒட்டிவிட்டேன். அக்கா அதைப் பார்த்து, "சரி மகாராணி" என்றாள். அதன் பிறகு போடவில்லை.

இலக்கங்கள் ஆடாமல் நின்றன. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஃபேன் நின்ற மூன்றாவது மாதம் அக்கா ஈரத் துணியோடு என் அறைக்கு வந்தாள். துணியில் மஞ்சள் கறை.

"சன்னலைத் துடைச்சேன். நாம வைக்கறது பச்சை, எடுக்கறதும் பச்சை. மஞ்சள் எங்கேருந்து வருது?"

"வெளித் தூசியா இருக்கும்."

"சன்னலையே திறக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன, வில்லையில தூசி படும்னு. மூடின சன்னல்ல வெளித் தூசி உள்பக்கம் எப்படிடி வரும்?"

பேக்கரியில் வேலை பார்த்தவள் என்னிடம் காரணகாரியம் கேட்கிறாள் என்று எனக்குச் சுர்ரென்றது. "டப்பாவுல போட்டிருக்கே படிச்சியா? குரோமியம் பச்சை. பெயின்ட்ல போடறாங்க. ஒண்ணும் பண்ணாது" என்றேன். நான் சொன்னது பொய் இல்லை. பச்சை ஒன்றும் பண்ணாது. அவள் கேட்டது மஞ்சளைப் பற்றி. கேள்வியை மாற்றிப் பதில் சொன்னால் எவ்வளவு உண்மையும் சொல்லலாம் என்பதை அன்றைக்கு நான் கற்றுக்கொள்ளவில்லை, ஏற்கெனவே தெரிந்துதான் வைத்திருந்தேன்.

ஐந்தாம் மாதம் கைக்குட்டையில் அந்த முதல் சொட்டு. உலை அறையில் ஈரமே இருக்காது, மூக்கு காய்ந்து வெடித்திருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். மூக்கில் எண்ணெய் தடவிக்கொண்டாள். தும்மல் வந்தால் அடுக்கடுக்காகப் பத்து வரும். "மூக்கால அழறாங்கன்னு எல்லாரையும் கிண்டல் பண்ணுவேன், இப்ப எனக்கே ஆயிடுச்சு" என்பாள். அவள் சிரிக்கும்போது நானும் சிரித்துவிடுவேன். சிரித்துவிட்டால் ஒரு விஷயம் முடிந்துபோன மாதிரி இருக்கும்.

சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடி மங்கியது. நாற்காலி முதுகில் கை வைத்தால் விரலில் வந்தது. அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தில் மெல்லிய மஞ்சள் வளையம் ஒன்று படிந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். காற்புள்ளி கதவில் தலையை நீட்டி, "அதைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தா," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குரோமியத்தை நான்கு சதவீதமாகக் கூட்டினேன். அந்த வருடம் வளையம் மூடாவிட்டால் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. என் ஒப்பந்தம் போனால் என் சிபாரிசில் வந்த அக்காவின் வேலையும் போகும். அவளுக்காகவும்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள இது வசதியாக இருந்தது.

ஒன்பதாம் மாதம் வளையம் மூடியது.

குளிரூட்டியில் வில்லை மைனஸ் நூற்றிருபது டிகிரியில் இருந்தது. கோடு மேலே ஏறி, வளைந்து, இறங்கி, புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேர்ந்தது. பத்து முறை ஓட்டினேன், பத்து முறையும் வந்தது. காந்தத்தின் பூஜ்யமும் கணக்குப் போட்ட இடத்திலேயே நின்றது. காற்புள்ளி திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வளையம் மூடிடுச்சு" என்றார். அவர் முழுதாக முடித்து நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான். பிறகு பழையபடி, "இனி மீதி அருமண் எல்லாத்தையும் இதே மாதிரி வரிசையா," என்று வெளியே போனார்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். என் காதுக்குப் பக்கத்தில் மெல்லிதாக ஒரு விசில் சத்தம் கேட்டது.

"உலைக் கதவு சரியா மூடல போலிருக்கு. விசிலடிக்குது" என்றேன்.

"இங்க வரைக்குமா கேக்குது?" என்றவள், போய்ப் பார்த்து, மறுநாள் கதவைச் சுற்றி இருந்த பீங்கான் பஞ்சையே மாற்றினாள். விசில் நிற்கவில்லை. சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. அவள் கதவைத் திறந்துகொண்டு என் பக்கம் வந்தால் கேட்கும். கதவைத் திறப்பதால் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். அறிவியல் படித்தவள்.

இரண்டு மாதம் அப்படியே ஓடியது. புதுப்புது அருமண், அதே நான்கு சதவீதம். பதினோராவது மாதம் உலையின் சூடேற்றும் தண்டு ஒன்று உடைந்தது. புதிது வரும் வரை உலை அணைந்தே கிடந்தது. மூன்றாம் நாள் பகல் பதினோரு மணி. மின்சாரம்கூட இல்லை, கட்டிடம் முழுக்க அமைதி. அக்கா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பழைய கிண்ணங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

விசில் கேட்டது.

நான் நிமிர்ந்து உலை அறையைப் பார்த்தேன். அக்கா மூச்சை வெளியே விட்டாள், நின்றது. உள்ளே இழுத்தாள், கேட்டது.

"அக்கா, மூச்சை இழு."

"எதுக்கு?"

"இழேன்."

இழுத்தாள். அவள் முகம் மாறவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. "ரெண்டு மாசமா இருக்கு. பாட்டுப் பாடற மூக்குடி இது" என்றாள்.

எழுந்தேன். உலை அறைக்குப் போனேன். ஈரப்பஞ்சால் சன்னல் கட்டையைத் துடைத்தேன். அலமாரியின் பின்வரிசையில், யாரும் தொடாத ஒரு சோதனைத் திரவம் உண்டு. குரோமியம் பச்சையாக இருக்கும் வரை அது நிறம் மாறாது. சூட்டில் காற்றோடு சேர்ந்து மஞ்சள் விஷமாக மாறியிருந்தால் மட்டுமே ஊதாவாகும். ஒரு சொட்டு விட்டேன். பஞ்சு கத்திரிக்காய் நிறத்துக்குப் போனது. சுவரில் துடைத்தேன், ஊதா. கடிகாரத்தில், ஊதா. அவள் பாட்டிலின் கழுத்தில் துடைத்த பஞ்சுக்கு விட வேண்டிய சொட்டை அவசரத்தில் மேசையில் சிந்திவிட்டேன். சிந்திய இடமும் ஊதாவானது.

மறுநாள் காலை மருத்துவரிடம் போனோம். மூக்கு, தொண்டை பார்க்கும் பெண் மருத்துவர், அக்கா வயதுதான் இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, பேனா அளவு விளக்கு ஒன்றை அக்காவின் இடது மூக்குத் துவாரத்தில் வைத்தார். வலது துவாரத்தின் வழியாக வெளிச்சம் வந்தது. நான் பக்கத்து நாற்காலியிலிருந்து அதைப் பார்த்தேன். இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சுவரில் ஒரு வட்டம் காணாமல் போயிருந்தது. ஓரமெல்லாம் சுத்தமாக, மூடிய வளையம்.

"எங்க வேலை செய்றீங்க?" என்று கேட்டார் மருத்துவர்.

"ஆய்வகத்துல. உலை."

"குரோமியம் ஏதாவது?"

அக்கா என்னைப் பார்த்தாள். "ஆமாங்க."

"புகை வெளிய போக ஃபேன் இருக்கா?"

"இருக்குங்க. நல்லா ஓடுது" என்றாள் அக்கா. மேசைக்கு அடியில் அவள் கை என் முட்டியைப் பிடித்து அழுத்தியது. சின்ன வயதில் நான் ஏதாவது உடைத்துவிட்டால் அப்பா விசாரிக்கும்போது இப்படித்தான் அழுத்துவாள்.

மருத்துவர் எழுத ஆரம்பித்தார். 'காற்றோட்டம் உள்ளது' என்று அவர் எழுதி முடித்துவிட்டால் இது அக்காவின் மூக்கில் இருந்த கோளாறு என்று ஆகிவிடும். நான் தப்பித்துவிடலாம். தப்பிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது, மறைக்கவில்லை.

"ஓடல டாக்டர்" என்றேன். "பதினோரு மாசமா ஓடல. நான்தான் அணைச்சு வெச்சேன்."

மருத்துவர் எழுதியதை அடித்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மூக்கோட நின்னிருந்தா சமாளிச்சுடலாம். உள்ள போற காத்து மூக்கோட நிக்காதே. நெஞ்சுப் படம் எடுத்துடுங்க" என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். "ரிப்போர்ட் நாளைக்குக் குடுப்பாங்க. இனிமே அந்த அறைக்குள்ள போகாதீங்க."

வெளியே வந்ததும் அக்கா வெடித்தாள். "நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல? உன்னை யாருடி நடுவுல மூக்கை நுழைக்கச் சொன்னா?"

சொல்லிவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாள், எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு சிரிப்புக்கும் நடுவில் மூச்சை இழுக்கும்போது விசில் கேட்டது. நான்தான் முதலில் நிறுத்தினேன்.

படம் எடுத்து முடித்ததும் அவளை வீட்டில் விட்டுவிட்டு, மதியம் ஆய்வகத்துக்கு வந்தேன். காற்புள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "ஆனா கட்டுரை வர்ற வாரம் போகணுமே, அதுவரைக்கும் இதை," என்று நிறுத்தினார். "நீங்க முடிக்க வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு, நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கடிதத்தோடு வைக்க என் கையெழுத்தில் இருந்த அந்தத் தாளைச் சுவிட்சிலிருந்து பிய்த்தேன். பிய்த்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. அந்த அறையின் சுவர் வெள்ளை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சுற்றிலும் மஞ்சள்.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, எடை பார்த்து வைத்த துணிகளால் அந்த அறையை அங்குலம் அங்குலமாகத் துடைத்தேன். கூரை, சுவர், சன்னல், அலமாரியின் பின்பக்கம், ஃபேனின் இறக்கைகள், அவள் நாற்காலி. துணிகளை உலரவைத்து மறுபடி எடை போட்டேன். இலக்கங்கள் ஆடவில்லை. குறிப்பேட்டில் பதினோரு மாத 'இழப்பு' பத்தியை மேலிருந்து கீழே கூட்டினேன், கிண்ணத்துப் பொடியில் போனதையும் சேர்த்து. துடைத்த துணிகளின் கணக்கைப் பக்கத்தில் எழுதினேன்.

ஐந்து மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"என்ன பண்ற?"

"கூட்டிக்கிட்டு இருக்கேன்."

"என்ன, பெருக்கறியா?"

"இல்லக்கா. கணக்கு."

"எவ்வளவு போயிருக்கு?"

"நாப்பத்தோரு கிராம்."

"எவ்வளவு கெடைச்சுது?"

"இருபத்தொன்பது."

அவள் பேக்கரியில் பதினாறு வருடம் மாவு நிறுத்தவள், கழித்தலுக்கு விரல் விட்டு எண்ண மாட்டாள்.

"சன்னல் இடுக்குல போயிருக்கும்க்கா" என்றேன். "கதவு இடுக்குல போயிருக்கும். துணியில ஒட்டாதது நிறைய இருக்கும். உலையோட செங்கல்லயே பாதி ஊறியிருக்கும்." நான் சொன்னது எல்லாமே சரி. பன்னிரண்டு கிராமும் ஒரு நெஞ்சுக்குள் போக முடியாது. போக வேண்டிய அவசியமும் இல்லை, தூசியளவு போதும்.

"போயிருக்கும், போயிருக்கும்" என்றாள் என்னைத் தேற்றுகிற குரலில். பிறகு, "அந்த வரியைக் காலியா விட்டு வை. நாளைக்கு நெஞ்சுப் படம் வருது. கொண்டாந்து குடுக்கறேன், பார்த்து எழுதிக்கோ" என்றாள்.

அந்த வரியைக் காலியாக விட்டேன். பேனாவை மூடவில்லை. அவளும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து விசில் வந்தது, நின்றது, மறுபடி வந்தது.